பொன்னுரங்கம் அண்ணனின் கண்களும் நம்முடைய வாயும்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் வைத்தீஸ்வரன் சார் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பொன்னுரங்கம் அண்ணனின் துணைவியார் பச்சையம்மா அக்கா அவர்களே, அக்காவின் அண்ணன் முனிரத்தினம் அவர்களே, இந்த வெயிலிலும் தாம்பரத்திலிருந்தும் பொத்தேரியிலிருந்தும் வந்திருக்கும் செம்பாக்கம் தம்ம வட்டத்து உறவுகளே! வட்டத்தின் செயலாளர் புஷ்பத்தின் வணக்கம்.

எனக்கு ஐந்து நிமிடம் என்றார்கள். எனக்கு முன்னால் பேசியவர்களுக்கும் அதே ஐந்து நிமிடம்தான். அவர்கள் அநித்தியம் என்றார்கள், அநாத்மா என்றார்கள், கருணை, மைத்திரி, உபேட்சை என்று ஒன்றையும் விடவில்லை. வெளியே மதியம் போய் மாலையே வந்துவிட்டது. அதனால் நான் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் எனக்குப் பின்னால் தொங்கும் பேனர். "தம்மச் செம்மல் பொன்னுரங்கம்" என்று போட்டிருக்கிறீர்கள். அந்தப் பட்டத்தை அவர் எத்தனை முறை வேண்டாம் என்றார்! சரி, அதையாவது விடுவோம். அந்தப் படம்? கண்தானம் கேட்டு முப்பது வருடம் வீடு வீடாக ஏறி இறங்கிய மனிதருக்குக் கூலிங் கிளாஸ் போட்ட படமா கிடைத்தது? ஊட்டி டூர் படத்தை எடுத்துக் கொடுத்த புண்ணியவான் யார்? அண்ணன் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவரைத் தெரியாதவர்களும் இங்கே இருக்கிறார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். ரயில்வேயில் எலக்ட்ரீசியனாக இருந்து ஓய்வு பெற்றவர். புத்தரின் சொற்களை நமக்குப் புரிகிற மாதிரி சொல்லத் தெரிந்தவர். அநித்தியம் என்றால் என்ன என்று ஒருவர் கேட்டார். "ஜிஎஸ்டி ரோட்ல போன வாரம் யூ டர்ன் இருந்திச்சா? இன்னிக்கி அது கீதா? அதாம்ப்பா" என்றார். பற்று என்றால் என்ன என்று கேட்டதற்கு, "ஏரிக்குள்ள வூடு கட்டிக்கினு, தண்ணி வந்துட்ச்சேன்னு அழுவுறோம் பாரு" என்றார். கேட்டவருடைய வீடே ஏரிக்குள்தான் இருந்தது! அந்த வீட்டில் வெள்ளம் புகுந்தபோது இடுப்பளவு தண்ணீரில் முதலில் போய் நின்றவரும் இவர்தான்.

ஆனால், உறவுகளே, நீங்கள் எந்தச் சொல்லுக்கு எவ்வளவு அழகாக விளக்கம் சொன்னாலும் அவர் ஒரு கேள்வி கேட்பார். "செரி. நீ இன்னா செஞ்ச?" எத்தனை பேர் அந்தக் கேள்விக்குப் பயந்து அடுத்த ஞாயிற்றுக்கிழமை வராமல் இருந்தீர்கள்? எனக்குத் தெரியாதா?

அவர் செய்தார். சாவு விழுந்த வீட்டுக்குப் போய், அழுகைக்கு நடுவில், கைகூப்பிக் கண்களைக் கேட்டார். எவ்வளவு வசவு வாங்கியிருப்பார்! பொத்தேரியில் ஒரு வீட்டில் பிணம் தின்னும் கழுகு என்று சட்டையைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். திரும்பி வரும்போது, "கழுகுன்னுட்டாங்கம்மா. பரவால்ல, அதுக்குக் கண்ணு ரொம்ப நல்லாத் தெரியுமாம்" என்றார். அவருக்குக் கோபம் வராது. அந்தக் கோபத்தையும் சேர்த்து நான்தான் படவேண்டியிருந்தது.

அப்படிப்பட்ட மனிதர் போன அன்று நாம் என்ன செய்தோம்?

காலையில் காபி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர், எழுந்திருக்கவில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார். நான் கண்வங்கிக்குப் போன் செய்தேன். ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும், அதுவரை தலையைச் சற்று உயர்த்தி வையுங்கள், இமை மேல் ஈரப் பஞ்சு வையுங்கள், ஃபேனை நிறுத்துங்கள், காற்றில் கருவிழி உலர்ந்துவிடும் என்றார்கள். இதெல்லாம் அண்ணனே நமக்கு வருடக்கணக்காகச் சொன்ன பாடம்தான். நிறுத்தினேன்.

வந்தவர்கள் ஒவ்வொருவராக ஃபேனைப் போட்டார்கள்! "இன்னாம்மா இது, புழுக்கம் கொல்லுது" என்று ஒருவர் போடுவார், நான் அணைப்பேன். அடுத்தவர் வருவார், மாலையை வைப்பார், கை நேராக சுவிட்ச்சுக்குப் போகும். கடைசியில் சுவிட்ச் போர்டை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றேன். செத்த வீட்டில் நான் அழக்கூட முடியவில்லை, காவல்தான் காத்தேன்.

வெளியே ஷாமியானாவுக்குக் கீழே என்ன நடந்தது? வைத்தீஸ்வரன் சார், என்னை மன்னியுங்கள், சொல்லாமல் இருக்க முடியாது. உயிர் பிரிந்த பிறகும் எட்டு மணி நேரம் உணர்வு உடலில் தங்கியிருக்கும், அதுவரை தொட்டால் அது வேதனைப்படும், அடுத்த பிறவி கெடும் என்று தைவான் பிக்கு ஒருவர் இணையத்தில் சொல்லியிருப்பதாக நீங்கள் எடுத்துவைத்தீர்கள். உடனே இன்னொருவர் மறுத்தார். தானம் பெரிதா, அகிம்சை பெரிதா? விவாதம் வேண்டியதுதான். ஆனால் அப்போதா? நம் வட்டத்தில் ஒரு விதி உண்டு. எல்லோரும் ஒரு சுற்று பேசி முடிக்காமல் எதையும் முடிவு செய்யக்கூடாது, பேசுகிறவரைக் குறுக்கிடக் கூடாது. வாயில்லாதவர்களும் பேசட்டும் என்று அண்ணன் ஏற்படுத்திய விதி. அந்த விதியைப் பிடித்துக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, அவர் உடலை உள்ளே வைத்துக்கொண்டு, முறை வைத்துப் பேசினீர்களே ஐயா! கண்வங்கிப் பெண் ஐஸ் பெட்டியோடு வாசல் கேட் அருகில் நின்றுகொண்டு, "யாராவது ஒருத்தர் சொல்லுங்க சார், டைம் போய்ட்டே இருக்கு" என்று கெஞ்சினாள். அவளையும் முறை வரும்வரை காத்திருக்கச் சொன்னீர்களே!

ஓடி வந்து உங்கள் நாற்காலிகளைப் பிடித்து இழுத்திருப்பேன். சுவிட்ச் போர்டை விட்டு நகர்ந்தால் ஃபேன் ஓடுமே, என்ன செய்வேன்?

வீட்டுக்குள் வேறு கதை. முனிரத்தினம் அண்ணா, தங்கை புருஷன் மேல் உங்களுக்கு எவ்வளவு பாசம் என்று தெரியும். "கண்ண எடுத்துட்டா அட்த்த ஜென்மத்துல குருடாப் பொறப்பாரு, நான் வுட மாட்டேன்" என்று கதவை மறித்து நின்றீர்கள். வெளியே அடுத்த பிறவி, உள்ளே அடுத்த பிறவி! இந்தப் பிறவியில் பார்வை இல்லாமல் ஆஸ்பத்திரியில் காத்திருப்பவர் யார் ஞாபகத்திலாவது இருந்தாரா?

பொன்னுரங்கம் அண்ணனே, உங்களையும் விடமாட்டேன். ஊரெல்லாம் கேட்டீர்களே, உங்கள் வீட்டில் கேட்டீர்களா? நமக்குப் பின்னால் சம்மதம் சொல்லவேண்டியது வீட்டார்தான், அவர்களிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள் என்று ஊருக்கு உபதேசம் செய்தீர்களே, அம்மன் கோயிலுக்கு விளக்குப் போடும் மனைவியிடம் அதைச் சொல்ல மட்டும் உங்களுக்கு ஏன் வாய் வரவில்லை?

அக்கா அதுவரை தலைமாட்டில் உட்கார்ந்து பஞ்சை நனைத்து நனைத்து வைத்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"எங்கிட்ட சொல்லலன்னா எனுக்குத் தெரியாதா? ஊரெல்லாம் கேட்ட மனுசன் தன்னுத குடுக்காமப் போவாரா? குருடாப் பொறப்பாருன்னு எங்கண்ணன் சொல்லுது. செரி, பொறக்கட்டும். நானும் கூடவே பொறந்து கையப் புட்ச்சி இட்டுகினு போறேன். இந்த ஜென்மத்துல மட்டும் இன்னா, ரோடு தாண்ட நாந்தான இட்டுகினு போனேன்? அந்தப் பொண்ண உள்ள வுடுங்க."

நான் அவரைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, "அக்கா, அப்படியெல்லாம் ஒன்றும் ஆகாது, அதெல்லாம் இல்லை" என்றேன். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"உனுக்கு இல்ல. எனுக்கு கீது."

உறவுகளே! தானம் என்ற சொல்லுக்கு இந்த மேடையில் எத்தனை விளக்கம் கேட்டோம்! நமக்கு அந்தக் கண்கள் மண்ணுக்குப் போகிற பொருள். கொடுத்தால் நமக்கு என்ன குறை? அக்காவுக்கு அப்படியில்லை. தன் கணவர் ஒரு பிறவி முழுக்க இருட்டில் நடக்க வேண்டியிருக்கும் என்று மனசார நம்பிக்கொண்டே கொடுத்தார். அதில் பாதிச் சுமையைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டு கொடுத்தார். எனக்கு அன்றுதான் அந்தச் சொல்லின் கனம் தெரிந்தது.

நேரம் தாண்டவில்லை. கண்கள் போய்ச் சேர்ந்தன. யாருக்கு என்று சொல்லமாட்டார்கள், சொல்லவும் வேண்டாம்.

அண்ணனின் பணியைத் தொடர்வோம் என்று முன்னால் பேசிய எல்லோரும் சூளுரைத்தார்கள். எப்படித் தொடர்வீர்கள்? நான் சொல்கிறேன். இன்று வீட்டுக்குப் போய், சாப்பாட்டுக்கு உட்காருவதற்கு முன்னால், மனைவியிடமோ கணவரிடமோ பிள்ளையிடமோ பேசுங்கள். அவர் பேசப் பயந்ததை நாம் பேசுவோம். அடுத்த ஞாயிறு வட்டம் பச்சையம்மா அக்கா வீட்டில் கூடும். அங்கே விளக்கம் எதுவும் கேட்கமாட்டோம். நீ என்ன செய்தாய் என்ற ஒரே கேள்வியை அக்கா கேட்பார். நாம் முறை வைத்துப் பதில் சொல்வோம், அதற்கு அந்த விதி சரியாக இருக்கும்.

இப்போது மௌன அஞ்சலி. எல்லோரும் எழுந்து நில்லுங்கள். அந்த ஓரத்தில் இருக்கும் தம்பி, மண்டபத்து ஃபேன்கள் அத்தனையையும் நிறுத்துப்பா. ஆமாம், எல்லாவற்றையும்தான். புழுங்கட்டும். அவருக்காகக் கொஞ்ச நேரம் வியர்த்து நிற்போம்.

வைத்தீஸ்வரன் சார், சுவிட்ச்சிலிருந்து கையை எடுங்கள்.