வெளிப்பக்கம் வைத்த கொண்டிகள்

டீ ஆறிப்போனால் எனக்குப் பிடிக்காது. நீங்கள் குடியுங்கள் இன்ஸ்பெக்டர் சார், நான் நிதானமாகவே சொல்கிறேன்.

அக்கா வீட்டின் பின்புற ஷெட்டில்தான் என் தொழில். தண்ணீர்த் தொட்டிகளுக்கு ஃபைபர் மூடி செய்கிறேன். பேச்சுத் துணை தேவைப்படாத வேலை. எனக்கு அது ஒத்துப்போயிற்று. அத்தான் நேர்மாறு, பல் தேய்க்கும்போதும் பேசுவார். தங்கமான மனுஷன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் ஆசைப்பட்டு ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிவந்தார். கூரை கிடையாது, கதவும் கிடையாது. பக்கச் சுவருக்கு மேல் காலைத் தூக்கிப்போட்டுத்தான் உள்ளே இறங்க வேண்டும். முதல் மழையிலேயே சீட்டெல்லாம் ஊறிவிட்டது. அன்று என் ஷெட்டை அவர் பார்த்த பார்வையிலேயே எனக்கு விஷயம் புரிந்தது.

“மாப்ள, உன் மூடி நனைஞ்சா என்ன, மூடிதானே. என் வண்டி நனையலாமா? ஷெட்டைக் காலி பண்ணிக் குடு.”

நான் கோபப்படவில்லை. வேண்டும்போது மாட்டிக் கழற்றுகிற மாதிரி ஒரு கூரை செய்துதருகிறேன், வண்டி வாசலிலேயே நிற்கட்டும் என்றேன். அத்தானுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

காரின் மேலேயே, பக்கச் சுவர் வரை இறங்கும்படி அச்செடுத்து, ஃபைபர் துணியைப் பிசினில் நனைத்து அடுக்கடுக்காக ஒட்டினேன். தலை இடிக்கக்கூடாதென்று அவரை உட்காரவைத்து அளவெடுத்தேன். பேச்சுக்கு ஏற்ப தலையும் ஆடியதால் உயரத்தைக் கொஞ்சம் தாராளமாக வைத்தேன். அந்தச் சமயம் பார்த்து அவருடைய டீ டம்ளர் காணாமல் போயிருந்தது. வீடே தேடியது. நானும் அலமாரிக்கடியில் குனிந்து தேடினேன்.

கூரை பளபளவென்று வந்தது. அதுதான் வினை. இவ்வளவு அழகான கூரை வெயிலில் வெளுக்கலாமா என்று மறுபடியும் ஷெட்டைக் கேட்டார். அதன் பிறகுதான் எனக்கு மனம் கொஞ்சம் மாறியது.

கொண்டிகள் நான்கையும் வெளிப்பக்கம் வைத்தேன். தொழில் பழக்கம் சார். தொட்டிக்குள்ளிருந்து யாரும் மூடியைத் திறக்கச் சொன்னதில்லை.

அக்கா வெளியே போயிருந்த நாளில் வண்டியை ஷெட்டுக்குள் கொண்டுவந்து கூரையை மாட்டிப் பார்த்தோம். வண்டியில் வேலை செய்யும்போது பேட்டரி வயரைக் கழற்றிவிடுவது முறை, கழற்றினேன். ஹார்ன் அடிக்காது என்பது அப்போது தோன்றவில்லை. அத்தான் உள்ளே இறங்கினார். கூரையை வைத்து நான்கு கொண்டிகளையும் போட்டேன். அவர் குரல் அடுத்த தெரு ரேடியோ மாதிரி ஆகிவிட்டது.

ஒழுகுகிறதா என்று குழாயைப் பிடித்துத் தண்ணீர் அடித்தேன். ஒரு சொட்டு இறங்கவில்லை என்று பாராட்டினார். பிறகு, தூக்கு என்றார். பிறகு தட்டினார். நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அந்த ஷெட்டில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதே இல்லை.

கூரையின் பக்கவாட்டில் ஒரு வட்ட ஓட்டை உண்டு, அதற்குத் தனியாக ஒரு சின்ன மூடி. அதைத் திறந்தேன். அத்தான் அதில் வாயை வைத்துச் சொன்னார்:

“மாப்ள, ஷெட்டு உனக்குத்தான். இனிமே கேக்கவே மாட்டேன். தொறந்து விடுப்பா.”

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அப்போது திறந்திருக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திறந்தால் முதலில் வெளியே வருவது அவர் பேச்சுதான். டீ போட்டு, சூடாகவே ஓட்டை வழியாக நீட்டினேன். குடித்ததும் டம்ளரை வாங்கிக்கொண்டு சின்ன மூடியைத் திரும்பப் போட்டேன்.

அந்தி சாயும் நேரத்தில் அக்கா வந்தாள். அவர் எங்கேடா என்று கேட்டாள். காற்று வாங்கணும்னு சொல்லிக்கொண்டிருந்தார் என்றேன். அது பொய்யில்லை.

“வீடு என்னடா இவ்ளோ அமைதியா இருக்கு,” என்று காலை நீட்டி உட்கார்ந்தாள். இரண்டாவது டீயும் குடித்த பிறகுதான் ஷெட் பக்கம் போனாள். அவளுக்கு இதில் சம்பந்தமில்லை.

ஷெட்டுக்கு இப்போது நீங்கள் பூட்டுப் போட்டு சீல் வைத்துவிட்டீர்கள். அதுதான் எனக்கு வருத்தம்.

அந்த ஓட்டையின் விளிம்பைத் தடவிப் பார்த்தீர்கள். சரிதான், அறுத்த பிசிறு இருக்காது. அச்செடுத்த முதல் நாளே அவர் டம்ளரை அங்கே பதித்துவைத்துத்தான் பிசின் பூசினேன். அன்று நீட்டியதும் அதே டம்ளர்தான், கழுவித்தான் கொடுத்தேன்.

கொண்டிகளை மட்டும் பழக்க தோஷத்தில் வெளியே வைத்துவிட்டேன் சார்.