மூணு மஞ்சணத்திகுளம்

உக்காரு தாயி, உக்காரு. நீ தேடி வந்த மஞ்சணத்திகுளம் இது இல்ல. பலகையில ஊரு பேரு சரிதான், பூங்கா பேரும் சரிதான். ஆனா இதே பேருல மூணு ஊரு, மூணு பூங்கா. இந்த வாரத்துல நீ நாலாவது ஆளு. இந்தப் பூங்காவுக்குத் தண்ணி விடுத வேலைய விட, வழி தப்பி வாரவுகளுக்குக் கதை சொல்லுத வேலைதான் எனக்குப் பெரிசாப் போச்சு. வாய் ஓஞ்சு போச்சு. மொதல்ல தண்ணியக் குடி.

இந்த மூணு ஊரும் ஒரே ஊரா இருந்த காலமாம். உலகம்மைன்னு ஒருத்தி இருந்தாளாம். எங்க பூட்டனுக்கு அத்தை முறை. அவளுக்கு ஒத்த மக, வெயிலாச்சி. அந்த மக புருசன்கூட இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கப்பலேறுனாளாம். "எப்படியும் வந்து ஒன்னப் பாப்பேம்மா"ன்னு சொல்லிட்டுப் போனாளாம்.

அவ போன பொறவு பஞ்சம். குளம் வத்திச்சு, ஊரு கலைஞ்சுச்சு. கெழக்க கொஞ்சம் பேரு, மேக்க கொஞ்சம் பேரு, வடக்க கொஞ்சம் பேரு. உலகம்மை குறுக்க விழுந்து மறிச்சாளாம். "எங்க வேணா போங்க. ஊரு பேர மட்டும் மாத்தாதீய. எம்மவ அந்தப் பேரத்தான் கேட்டுக்கிட்டு வருவா." பாவம்னு மூணு கூட்டமும் அதே பேர வச்சுச்சாம்.

மக எந்த ஊருக்கு வருவாளோ, யாரு கண்டா? அதனால கெழக்க பத்து நாளு, மேக்க பத்து நாளு, வடக்க பத்து நாளு. நடந்தாளாம், நடந்தாளாம், பதினோரு வருசம் நடந்தாளாம்.

ஒருநா வெயிலாச்சி வந்தே வந்துட்டா. இந்தா, இந்தக் கெழக்கூருக்குத்தான். மறுநா திரும்பிப் போகக் கப்பல். புருசன் ரோட்டுல மாட்டுவண்டியோட நிக்கான். பொழுது சாயதுக்குள்ள கெளம்பியாகணும்.

"எங்கம்மை எங்க?"

"நேத்துதான் மேக்க போனா. அந்தா, அந்தக் குளத்துக் கரையப் புடிச்சுப் போ தாயி."

மேக்க ஓடுனா. "காலையிலதான் வடக்கூருச் சாவுக்குப் போனா. வெரசாப் போ, புடிச்சிரலாம்."

வடக்க ஓடுனா. "ஐயோ, நீ வந்திருக்கன்னு யாரோ சொல்லி, குறுக்குப்பாதையில கெழக்க ஓடுதாளே!"

திரும்ப இங்க ஓடியாந்தா. "ஒன்னத் தேடித்தான் இப்ப மேக்க போனா"ன்னுட்டாவளாம். பொழுது சாஞ்சிருச்சு. அழுதுக்கிட்டே வண்டி ஏறிட்டா.

உலகம்மை மூச்சு வாங்க வந்து பாத்தா, வண்டித் தடம்தான் கெடந்துச்சாம். அவ யாரையும் ஏசலியாம். "நீங்க சொன்ன வழியெல்லாம் சரியான வழிதான். ஒருத்தியாவது, 'இங்கனயே இரு, நான் போயி ஒங்கம்மையக் கூட்டியாரேன்'னு சொல்லலியே"ன்னாளாம்.

அம்புட்டுதான். அதோட நடக்குதத விட்டுட்டா. இந்த எடத்துலயே உக்காந்து செத்தா. மக பொறவு வரவே இல்ல.

அந்த வெக்கத்துல மூணு ஊரும் கூடிப் பேசுச்சாம். மூணு ஊரு வாசல்லயும் ஊருக்கொரு கல்லு போட்டாவளாம்; நீ உக்காந்திருக்கது அதுல ஒண்ணு. பேரு கேட்டு வந்தவுகளுக்கு இனி வழி சொல்லக் கூடாது. கல்லுல உக்கார வச்சு, தண்ணி குடுத்து, நாமதான் போயிக் கூட்டியாரணும். அந்தக் கல்லுக கெடந்த எடத்துலதான் பின்னால பஞ்சாயத்துல மூணு பூங்காவும் கட்டுனாவ.

ஒங்கக்கா பேரு என்ன சொன்ன? மேக்கூரு ஈசுவரவடிவா? டெய்லர் வீடா? அவ போன எடுக்கலியோ. எடுத்தா மட்டும் என்ன, மேப்பு காட்டுதேன்னு அந்தப் போனுதான ஒன்ன இங்க கொண்டாந்து விட்டுச்சு.

வழி மட்டும் சொல்லுங்கன்னு சொல்லாத. ரெண்டு மைலு, எதிர்வெயிலு, முட்டி ரெண்டும் எப்பவோ போச்சு. நேத்தும் நாந்தான் போனேன், இன்னைக்கும் நாந்தான் போகணும். அந்தக் கம்ப இங்க எடு.

எந்திரிக்காத. நீ இங்கனயே இரு தாயி. நான் போயி ஒங்கக்காவக் கூட்டியாரேன்.