எஃகுத் தும்பியின் உதவியாளர்

யோகா செய்வதற்கென்று விற்கிற பாயில் நான் ஒருநாளும் யோகா செய்ததில்லை. ஏழு வருடத்தில் இருபத்திரண்டு பாய்கள் வாங்கியிருக்கிறேன். கடைக்காரர் என்னைப் பெரிய யோகி என்றே நினைத்திருந்தார். என் தொப்பையைப் பார்த்த பிறகும் அந்த மரியாதையை அவர் குறைத்துக்கொள்ளவில்லை. அந்தப் பாயை அளவாக வெட்டி, சூடுகாட்டி, முழங்காலில் வைத்து வளைத்தால் மார்க்கவசம் ஆகிவிடும். மேலே மூன்று பூச்சு வெள்ளிப் பெயின்ட். பத்தடி தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது இரும்புதான். பத்தடிக்குள் வருபவர்களை என்ன செய்வது என்பதுதான் இந்தக் கலையில் தீராத சிக்கல்.

இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம் மேடம். எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்குங்கள் என்றீர்கள், அதனால் தொடங்கினேன்.

நான் ஒரு டயர் தொழிற்சாலையில் பாதுகாப்பு அலுவலர். தீயணைப்பு சிலிண்டர்களைச் சோதித்து அட்டை கட்டுவேன், ஹெல்மெட் போடாதவர்களைக் குறித்துக்கொள்வேன், மாதம் ஒருமுறை வகுப்பு எடுப்பேன். பதினாறு வருடமாக என் பிரிவில் ஒரு விபத்துகூட இல்லை. அதற்காக யாரும் எனக்குக் கைதட்டியதும் இல்லை. நடக்காத ஒன்றுக்கு எப்படிக் கைதட்டுவார்கள், நியாயம்தான்.

எஃகுத் தும்பியை உங்களுக்குத் தெரிந்திருக்காது. நான் சின்ன வயதில் படித்த காமிக்ஸ் நாயகன். பகலில் குமாஸ்தா. யாராவது ஆபத்தில் கூப்பிட்டால் இறக்கை விரித்து வந்து நிற்பார். வருடத்துக்கு இரண்டு முறை கண்காட்சி அரங்கில் ரசிகர் மாநாடு நடக்கும். ஆயிரக்கணக்கான பேர் அவரவர் நாயகனாக உடை தைத்துப் போட்டுக்கொண்டு வருவார்கள். தயவுசெய்து வேஷம் என்று சொல்லாதீர்கள். வெளியே நிற்கும் அந்தக் கான்ஸ்டபிள் இரண்டு முறை சொல்லிவிட்டார், பொறுத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜைதான் என் பட்டறை. என் மனைவி ஏழு வருடமாகத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். அப்படிச் சாப்பிட்டால் செரிமானத்துக்கு நல்லது என்று நான் எங்கோ படித்திருந்தேன். தையல் வேலை அவளுடையது, சிந்தனை என்னுடையது. இறக்கைகளைக் குடைக்கம்பியில் செய்திருந்தேன். அரங்கத்து வெக்கையில் பசை இளகி, மதியத்துக்குமேல் அவை கொஞ்சம் தொங்கும். ஒருமுறை ஒரு சின்னப் பையன் என் முன்னால் வந்து நின்று, "அங்கிள், நீங்க கொசுவா?" என்று கேட்டான். தும்பிக்கும் கொசுவுக்கும் உள்ள வித்தியாசத்தை அவனுக்குக் கால்மணி நேரம் பொறுமையாக விளக்கினேன். அவன் அம்மா வந்து அவனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். இந்தக் காலத்துப் பெற்றோருக்குப் பிள்ளைகளின் அறிவு வளர்ச்சியில் அக்கறை கிடையாது.

ஏழு வருடம், பதினான்கு மாநாடு. மேடைப் போட்டியில் எனக்கு ஒரு ஆறுதல் பரிசுகூட வந்ததில்லை. அதைப் பற்றி நான் மனைவியிடம்கூடக் குறைப்பட்டுக்கொண்டதில்லை. அவள் இல்லை என்று சொல்வாள். சொல்லட்டும்.

இப்போது என் மைத்துனனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனைவியின் தம்பி. பல் செட் செய்கிற லேபில் வேலை. அவன் வேலை பார்க்கிற இடம் எங்கள் தெருவுக்குப் பக்கம் மாறியதால் போன வருடம் எங்கள் வீட்டில் வந்து தங்கினான். முப்பது வயது, அதிர்ந்து பேசாதவன், குளித்தால் குளியலறையைத் துடைத்துவிட்டு வருகிறவன். குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்படிப்பட்டவர்களோடு ஒரே வீட்டில் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியுமா தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தலைக்கவசத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மாமா, தப்பா நினைச்சுக்காதீங்க. கண்ணு ரெண்டும் ஒரே மட்டத்துல இல்லையே. சரி பண்ணித் தரட்டுமா?" என்றான். வேண்டாம் என்றேன். சரி என்று போய்விட்டான். ஆனால் அவனுக்குள் அந்தப் பூச்சி புகுந்துவிட்டது. பல்லுக்கு அச்சு எடுக்கிற மாவில் தன் முகத்துக்கே அச்சு எடுத்தான். ஐந்து மாதம். கண்ணாடி மாதிரி மினுங்குகிற பிளாஸ்டிக்கில் இறக்கைகள் வார்த்தான், அவற்றில் நரம்பு நரம்பாகக் கோடுகள். தலைக்கவசம் முகத்தோடு ஒட்டிப் பொருந்தும். பிடரியில் இரண்டு திருகாணிகள். உள்ளே காற்றுக்கு இரண்டு குட்டி விசிறிகள், அவை ஓட முதுகுப்பக்கம் ஒரு பவர் பேங்க். வேறொரு ஆள் திருகாணியைக் கழற்றிவிடாமல் உள்ளே இருப்பவன் வெளியே வர முடியாது. பத்தடி என்ன, பத்து அங்குலத்தில் வைத்துப் பார்த்தேன். இரும்புதான்.

என் மனைவி அதைப் பார்த்துவிட்டு மேஜையிலிருந்த என் சாமான்களை ஒதுக்கிவைத்தாள். அன்று மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

இந்த முறை ஒரு நாயகனுக்கு ஒருவர்தான் மேடையேறலாம் என்று மாநாட்டுக் குழு விதி போட்டது. படம் அனுப்பச் சொன்னார்கள். நானும் அனுப்பினேன், அவனும் அனுப்பினான். அவனைத் தேர்ந்தெடுத்தார்கள். எனக்கு ஒரு கடிதம் வந்தது: ஏழு ஆண்டுகளாகத் தளராமல் கலந்துகொள்வதற்கு நன்றி, விரும்பினால் போட்டியாளரின் துணையாக வரலாம். கூடவே கழுத்தில் மாட்ட ஒரு அட்டை. அதில் பெரிய எழுத்தில் ‘உதவியாளர்’ என்று இருந்தது.

"நீங்க பெரியவரு, விட்டுக்கொடுங்க," என்றாள் மனைவி. விட்டுக்கொடுத்தேன். யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், அந்த அட்டையை நான் சிரித்த முகமாகத்தான் மாட்டிக்கொண்டேன்.

மைத்துனனுக்கு மட்டும் சங்கடம். வேறு யாரையாவது துணைக்கு வைத்துக்கொள்கிறாயா என்று கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "உங்களை விட்டா யாரை நம்பி மாமா நான் இதுக்குள்ள போறது? நீங்க சேஃப்டி ஆபீசர்."

பாதுகாப்பு என் தொழில் என்பதால் சைகைகளை நானே எழுதிக்கொடுத்தேன். தொடையில் இரண்டு தட்டு தட்டினால் தண்ணீர். மூன்று தட்டினால் உடனே திற. ஒரு பக்கத்துக்கு டைப் அடித்து, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன். அந்தத் தாள் உங்களிடம் இருக்கும். அதில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாது.

பவர் பேங்கை வீட்டில் மறந்து வைத்துவிட்டேன் என்று நேற்று எழுதிக்கொடுத்திருந்தேன். மறந்தேன் என்பது சரியான சொல் இல்லை. உங்கள் மேஜைமேல் இருக்கிறதே அந்தக் கறுப்புப் பொட்டலம், அது பாதியாக வெட்டிய துணி சோப்பு. அன்று காலை அவன் குளிக்கப் போன நேரத்தில் டேப் சுற்றி, பவர் பேங்க் இருந்த இடத்தில் வைத்தேன். காலியாக விட்டால் எடை குறைந்து அவனுக்குத் தெரிந்துவிடும். எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்பது என் பழக்கம்.

என் எண்ணத்தில் கெடுதல் இல்லை. கொஞ்ச நேரம் வெந்தால் முடியவில்லை மாமா என்று அவனே வெளியே வந்துவிடுவான் என்று கணக்குப் போட்டேன். உடை மேடையேறியாக வேண்டும், பெயர் கொடுத்தாகிவிட்டது. அவனும் நானும் ஒரே உயரம். சுற்றளவில்தான் கருத்து வேறுபாடு. நான் போட்டுக்கொள்வேன். இருவருக்கும் நல்லதாக முடிந்திருக்கும். அவன் பிடிவாதக்காரன் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

இரண்டு மணிக்குத் திருகாணியை முடுக்கினேன். வெளியே நல்ல வெயில். அரங்கில் ஏசி பேருக்குத்தான். ஐந்து நிமிடம் கழித்து உள்ளேயிருந்து, "மாமா, காத்து வரலையே," என்று குரல் வந்தது. "ஓடுது, கூட்டத்துச் சத்தத்துல உனக்குக் கேக்கல," என்றேன். அவன் மறுபடி கேட்கவில்லை. என் வார்த்தையில் அவனுக்கு அவ்வளவு மரியாதை.

எல்லாரும் அவனோடு படம் எடுத்துக்கொள்ள வந்தார்கள். பிள்ளைகள் இறக்கையைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒருவர் தன் போனை என் கையில் கொடுத்து, "சார், ஒரு படம் எடுங்க" என்றார். எடுத்தேன். கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், உங்கள் நிழல் அவர்மேல் விழுகிறது என்றார். தள்ளி நின்றேன். இப்படி ஒரு மணி நேரம். இரண்டு தட்டு தட்டினான், ஸ்ட்ராவில் தண்ணீர் கொடுத்தேன். மறுபடி இரண்டு தட்டு, மறுபடி கொடுத்தேன். நான் தண்ணீர் கொடுக்கவில்லை என்று யாராவது சொல்லியிருந்தால் அது பொய்.

மூன்று தட்டு வந்தபோது மணி மூன்று பத்து. மேடைக்குப் பின்னால் வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் நான்கு பேர்தான். இங்கே நீங்கள் என் நிலையிலிருந்து யோசிக்க வேண்டும். அந்த உடையைக் கழற்றி நான் போட்டுக்கொள்ள அரைமணி நேரமாவது ஆகும். நேரம் கடந்துவிட்டது. அப்போது திறந்தால் அவனும் மேடையேற முடியாது, நானும் முடியாது. ஐந்து மாத உழைப்பு வீண். யாருக்கும் பயனில்லாத ஒரு காரியத்தை எதற்காகச் செய்வது?

அவன் தட்டிக்கொண்டே இருந்தான். தொடைக்கவசத்தில் பெயின்ட் பெயர்ந்துவிடும் போலிருந்தது. அதனால் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அவன் இழுத்தான், நான் விடவில்லை. பக்கத்திலிருந்த ஒரு பெண், மாமனும் மச்சானும் என்ன பாசம் என்று சொல்லிப் படம் எடுத்தாள். நீங்கள் காட்டினீர்களே, அந்தப் படம்தான். நான் நன்றாக விழுந்திருக்கிறேன் அதில்.

கொஞ்ச நேரத்தில் அவன் இழுப்பது நின்றது. உள்ளே ஏதோ முனகினான், பல் செட், அக்கா, மேஜை என்று சம்பந்தமில்லாமல். கையுறைக்கும் சட்டைக்கும் நடுவில் தெரிந்த மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தேன். அனலாக இருந்தது, ஒரு பொட்டு வியர்வை இல்லை. வெப்பத்தாக்கின் அடையாளம் அது. கொதிகலன் பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு ஒவ்வொரு கோடையிலும் நான் எடுக்கிற பாடம். வியர்வை நின்று, பேச்சுக் குழறினால், மீதி இருப்பது நிமிடங்கள்தான் என்று பலகையில் எழுதி அடிக்கோடு போடுவேன்.

மூன்று முப்பத்துநான்குக்கு அழைத்தார்கள். முதுகில் கைவைத்து மேடைக்கு அனுப்பினேன். நான்கு அடி நடந்தான். மண்டியிட்டான். இறக்கைகள் இரண்டும் விரிய அப்படியே முன்னால் சாய்ந்தான். அரங்கமே எழுந்து நின்றது. எஃகுத் தும்பி வீழ்கிற காட்சி என்று நினைத்துவிட்டார்கள். நடுவர்களில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முன்வரிசையில் என் மனைவியும் கைதட்டினாள். முதலில் நிறுத்தியவளும் அவள்தான். மேடைமேல் ஏறி வந்து, "திறங்க, தயவுசெஞ்சு திறங்க," என்றாள். சத்தம் போடவில்லை, கெஞ்சினாள். ஸ்க்ரூ டிரைவரை எந்தப் பையில் வைத்தேன் என்று தேடினேன். சட்டைப்பையில்தான் இருந்தது. அது சட்டைப்பையில் இருந்தது எனக்குத் தெரியும். முதலுதவிக்காரர்கள் மார்க்கவசத்தைக் கத்தரியால் வெட்டப் போனார்கள். வேண்டாம், பக்கவாட்டில் பட்டை இருக்கிறது, இழுத்தால் கழன்றுவிடும் என்று காட்டிக்கொடுத்தது நான். அந்த உதவியை உங்கள் அறிக்கையில் ஒருவரும் குறிப்பிடவில்லை.

ஆம்புலன்ஸில் ஒருவருக்குத்தான் இடம் என்றார்கள். மனைவி போனாள். யாராவது உடையைப் பார்த்துக்கொள்ள வேண்டுமே, நான் தங்கிவிட்டேன். போட்டியாளர் நலமாக இருக்கிறார், பயப்பட வேண்டாம் என்று கூட்டத்தை அடக்க ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். போட்டி தொடர்ந்தது. பின்னால் ஒரு அறையில் உட்கார்ந்து தலைக்கவசத்தின் உட்புறத்தைத் துண்டால் துடைத்தேன். பவர் பேங்க் வீட்டில் இல்லை மேடம், என் கைப்பையில்தான் இருந்தது, காலையிலிருந்தே இருந்தது. அதை எடுத்து மாட்டினேன். விசிறிகள் இரண்டும் ஓடின. அவன் வேலை சுத்தம்.

ஐந்தரைக்குச் சற்று முன்னால் முதல் பரிசு எஃகுத் தும்பிக்கு என்றார்கள். அதற்குள் நான் உள்ளே இருந்தேன். ஒரு தொண்டர்ப் பெண் பின்னால் திருகாணி முடுக்கிவிட்டாள். மூச்சு விட முடிகிறதா சார் என்று இரண்டு முறை கேட்டாள், நல்ல பெண். இடுப்பில் கொஞ்சம் இறுக்கம், மற்றபடி பொருந்தியது. மேடையேறி இறக்கையை விரித்தேன். அவன்தான் பிழைத்துத் திரும்பி வந்துவிட்டான் என்று மொத்தக் கூட்டமும் எழுந்தது. நாற்காலிமேல் ஏறி நின்றார்கள். முன்பின் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். கையை உயர்த்திக் காட்டினேன்.

அவன் இறந்த நேரம் ஐந்து இருபத்தாறு என்று மருத்துவமனையில் எழுதியிருக்கிறார்கள். வேண்டுமென்றே திறக்கவில்லை, இறந்துபோவான் என்று தெரிந்தே திறக்கவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அதே ஐந்து இருபத்தாறுக்கு அந்த அரங்கில் இரண்டாயிரம் பேர் அவன் பிழைத்துவிட்டான் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சந்தோஷத்தை அவர்களுக்குக் கொடுத்தது யார் என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும் மேடம், அதுதான் நியாயம்.