நாலு தறிக்கு ஒரு கை

— செத்து நாப்பது நாளான நம்ம மானேஜர் தெய்வசிகாமணி, நேத்து எனக்காக நாலு தறி ஓட்டினாரு மேஸ்திரி. ரெண்டு மணி நேரம், ஒரு தறிகூட நிக்கல. நான் துணிக்கட்டு மேல படுத்து விட்ட கொறட்ட காலாப்பட்டு வரைக்கும் கேட்டிருக்கும்.

— வடிவேலு, பிரெஞ்சுக் கொடி எறங்கி வருஷம் ஒண்ணாச்சு. நீ இன்னும் பேய்க்கத சொல்லிட்டிருக்க. சாயங்காலச் சங்கு ஊதறதுக்குள்ள நான் இந்தப் புகார்த் தாள எழுதி புது மானேஜர் மிசியே தொர கையில குடுக்கணும். நீ தறிய விட்டுட்டுப் போனேன்னு எழுதினா நாளைக்கு ஒன்ன மில்லு கேட்டுக்குள்ள விடமாட்டாங்க.

— போனேன், ஒத்துக்கறேன். காய்ச்சல். கொதிச்ச கொதிக்கு நெத்தியில தோச ஊத்தியிருக்கலாம். தறிய நிறுத்தக் கை நீட்டறேன், காதுகிட்ட அவரு கொரலு. "போய்ப் படு, நான் நிக்கறேன்."

— இருநூறு தறி ஓடற எடத்துல கொரலு கேட்டுச்சா.

— செத்தா தொண்ட பெருசாயிடும் போல.

— வெளையாடாத. வேல போகப் போவுது ஒனக்கு.

— அவரு இருந்தப்ப, பக்கத்துத் தறி அஞ்சலாட்சி புள்ளைக்குப் பால் குடுக்கப் போனா அவ தறியில யாரு நிப்பா? ஆபீஸ் கோட்ட ஆணியில மாட்டிட்டு அவருதான நிப்பாரு. நம்மகூட ஒரே வரிசையில தறி ஓட்டி மானேஜரானவரு. எனக்கு மட்டும் நிக்கமாட்டாரா?

— அவரு பாடைக்குத் தோள் குடுத்தவன் நான். எரிஞ்சு முடியற வரைக்கும் நின்னு பாத்தவன். அவரு இல்ல வடிவேலு.

— அப்ப அந்தத் துணிய நெய்தது யாரு?

— துணிய விரிச்சுப் பாத்தேன். ஒம்பது எடத்துல நூல் அறுந்து முடிச்சு விழுந்திருக்கு.

— எப்படி முடிச்சு?

— என்னமோ முடிச்சு.

— சொல்லுங்க சக்கரபாணி மேஸ்திரி.

— எடப்பக்கம் திரும்பின முடிச்சு.

— எடதுகைக்காரரு நம்ம தெய்வசிகாமணி போடற முடிச்சு. இந்த ஷெட்டுல வேற யாரு அப்படிப் போடறாங்க?

— யாரும் இல்ல. ஆனா நின்னது அவரு இல்ல. நின்ன ஆள எனக்குத் தெரியும்.

— தெரியுமா? அப்ப அவன் பேர எழுதாதீங்க. எனக்காக நின்னவன் வேல போக வேணாம். என் பேர மட்டும் எழுதிடுங்க.

— காலையிலேருந்து பேனாவும் கையுமா ஒக்காந்திருக்கேன். ஒரு எழுத்து வரல.

— என்ன மேஸ்திரி, ஏன் எழுத வரல ஒங்களுக்கு?

— நேத்து ஒன்ன ஆள் இல்லாத தறியோட பிடிக்கணும்னுதான் வந்தேன். நிறுத்தப் போன கை நிறுத்தல. ரெண்டு மணி நேரமும் நான்தான் நின்னேன். ஒம்பது முடிச்சும் போட்டது இந்தக் கைதான்.

— நீங்களா? ஒங்களுக்கு எடதுகையில ஒரு பொத்தான் போட வராதே.

— வராது. இன்னிக்குக் காலையிலயும் அந்த முடிச்சப் போட்டுப் பாத்தேன், வரல. நேத்து வந்துச்சு.