கடுக்கா மரத்துகிட்ட சொன்னது

— அது சரி பச்சமுத்தண்ணே, நோயாளியத் தூக்கியார்ற டோலிய ஏன் இந்தக் கடுக்கா மரத்தடியில எறக்கி வச்சிட்டுத் திரும்பிடறீங்க? ஜீப் நிக்கற எடத்துக்கு இன்னும் ரெண்டு மைல் இருக்கே.

— இதுக்கு அப்பால கீழூர் எல்ல, நர்சம்மா. அவங்க தூக்கிக்கினு போவாங்க. மேலூர் ஆளுங்க கால் வைக்கமாட்டோம்.

— நான் தியாகதுருகத்துலேருந்து வந்து மூணு மாசந்தான் ஆவுது. சண்டைன்னு யாரும் சொல்லலியே.

— ஒம்போது வருசம். பட்டாவுக்கு அளக்க வந்தவங்க கோட்ட மாத்திப் போட்டாங்க. அவங்க சாமக்காடு எங்க பேர்ல வந்துடுச்சு. அவங்க கேட்ட தோரணை சரியில்ல. நாங்க சொன்ன பதிலும் சரியில்ல. பேச்சு நின்னுபோச்சு.

— பேச்சே இல்லன்னா டோலி வர்றது அவங்களுக்கு எப்படித் தெரியுது? போன மாசம் நாலு பேரு தயாரா நின்னாங்களே.

— மரத்துகிட்ட சொல்லுவோம்.

— இன்னாது?

— ஒரு ஆளு முன்னால ஓடியாந்து, "மரமே, இன்னாருக்குக் காய்ச்ச ஜாஸ்தி, டோலி வருது"ன்னு சத்தமா சொல்லுவான். அந்தாண்ட மாடு மேய்க்கறவங்க காதுல வுழும். கேட்ட மாதிரி காட்டிக்கமாட்டாங்க. ஆனா வந்து நிப்பாங்க.

— பதில் வருமா?

— வரும், மரத்துக்கு. "மரமே, டோலிக் கயிறு இத்துப்போச்சு, கண்ணு தெரியலியா அவங்களுக்கு"ன்னு ஒருக்கா திட்டு வந்துச்சு. மறுநாளே மாத்திட்டோம்.

— சிரிச்சிட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க. மலைக்கு ரோடு கேட்டு எழுதின இந்தக் காகிதத்த நான் இன்னிக்கே கள்ளக்குறிச்சியில குடுக்கணும். ரெண்டு ஊர்க் கையெழுத்தும் இல்லன்னா இந்த வருசம் ரோடு கிடையாது. உங்க பொண்ணு ஜீவாவுக்கு எட்டாவது மாசம் இல்ல?

— ஆமா. மொதப் புள்ள டோலியிலயே பொறந்துச்சு. தங்கல. அதான் மேலூருக்கு நான் கையெழுத்து போட்டுட்டேன். கீழூருக்கு வீரமணி போடணும். ஜீவாவோட தாய்மாமன்தான், என் பொஞ்சாதிக்குத் தம்பி.

— அவர போன வாரமே கேட்டேன். மேலூர்க்காரங்க வாயத் தொறந்து ஒரு வார்த்த கேக்கட்டும்னாரு. அதோ, மாட்டோட நிக்கறாரே. கேளுங்க.

— நேராவா?

— உங்க மரத்துகிட்டயாவது கேளுங்கண்ணே.

— ம். மரமே, வீரமணி கையெழுத்து போட்டா ரோடு வருமாம். சாமக்காட்ட நாங்க வுட்டுடறோம்னு சொல்லு. ஜீவாவுக்கு மாசம் எட்டுன்னும் சொல்லு.

— மரமே, ரோடு எந்தப் பக்கமா வருதுன்னு கேட்டுச் சொல்லு.

— காதுல வுழுந்துச்சா நர்சம்மா? வீரமணி குரல்தான். எந்தப் பக்கமாம்?

— வரைபடத்துல பாத்தா, இந்த மரந்தான் நட்டநடுவுல வருது. வெட்டிடுவாங்க.

— வெட்டிட்டா அப்பறம் நாங்க யார்கிட்ட போய்ச் சொல்றது?

— எங்கிட்டயே சொல்லுங்க மாமா. பேனாவ இப்பிடிக் குடுங்க.