தண்ணீருக்குள் சுற்றிய சக்கரம்

மாலை ஆறரை மணி இருக்கும். அஞ்செட்டி தாண்டி, நாட்றாம்பாளையம் பக்கம் மலைக்குள் போகிற ரோடு... அதிலிருந்து பிரிந்து ஒரு மண் தடம் கீழே இறங்கும். ஒரு பக்கம் மூங்கில். மறு பக்கம் பள்ளம். விளக்குக் கம்பம் கிடையாது. செல்போனில் ஒரு கோடுகூட நிற்காது. தடம் இறங்கி முடிகிற இடத்தில் ஓடை. குறுக்கே ஒரு தரைப்பாலம் உண்டு. மழை பெய்தால் அது தண்ணீருக்கு அடியில்தான் இருக்கும்.

அங்கேதான் சக்கரம் சுற்றுகிற சத்தம் கேட்டது.

பொறுங்கள். கரண்ட் இப்போதைக்கு வராது. சாரல் அடிக்கிறது, யாராவது அந்தக் கதவைச் சாத்துங்கள். சுஜாதா யார் என்று தெரிந்தால்தான் மற்றது விளங்கும்.

நம் பெயின்ட் ஷாப் செல்வம் இருக்கிறானே... அவனுடைய பெரியம்மா மகள். கெலமங்கலத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். புருஷன் தினேஷ்குமார் ஒரு சின்னச் சரக்கு வண்டி வைத்திருந்தான். மலை ஊர்களில் ராகி, புளி, அவரை ஏற்றிக்கொண்டு சந்தைக்கு வருவான். நல்ல மனிதன். கொஞ்சம் பிடிவாதக்காரன்.

போன வருஷம் ஐப்பசி மழையில் அந்த ஓடையில் மாட்டிக்கொண்டான். பின்சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டி அது. பாரம் வேறு. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்தான் பார்த்தவர். சக்கரம் ஒரே இடத்தில் சுற்றியதாம். ஙொய்ங்... ஙொய்ங்... என்று. கிளட்ச் கருகுகிற வாடை கரை வரைக்கும் வந்ததாம். 'எறங்கி ஓடியாப்பா' என்று அவர் கத்தியிருக்கிறார். தினேஷ் இறங்கவில்லை. இதோ ஏறிவிடும், இதோ ஏறிவிடும் என்று மிதித்துக்கொண்டே இருந்திருக்கிறான். அதற்குள் மேலே எங்கேயோ பெய்த மழை மொத்தமாக வந்து சேர்ந்தது.

தீயணைப்புக்காரர்கள் தேடினார்கள். ஊர் தேடியது. ஓடை போய்ச் சேருகிற ஆற்றில் பரிசல் போட்டுத் தேடினார்கள். வண்டியும் கிடைக்கவில்லை. அவனும் கிடைக்கவில்லை.

சுஜாதா அழவில்லை. சோறு ஆக்கினாள். துணி துவைத்தாள். துக்கம் கேட்க வந்தவர்களுக்குக் காபி கொடுத்தாள். மாமியார் மங்கம்மா அவளைப் பிடித்து உலுக்கி, "அழுடி... ஒரு தடவ அழுதுடுடி" என்று கெஞ்சினாள். சுஜாதா அவள் கையை மெதுவாக எடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது என்று பிற்பாடு செல்வத்திடம் சொன்னாளாம். கிள்ளினால் கிள்ளுவது தெரிகிறது... வலிக்கவில்லை.

ஒரு நாள் கொழுந்தன் பிரகாஷைக் கூப்பிட்டாள்.

"ஓசூர் வரைக்கும் போவணும். வண்டி பாக்கணும்."

"என்னா வண்டி அண்ணி?"

"இழுக்கற வண்டி."

பாகலூர் ரோட்டில் பழைய வண்டிகள் விற்கிற ஒரு யார்டு. விற்கிறவன் பளபளவென்று ஒரு டபுள் கேபின் வண்டியைக் காட்டினான். உள்ளே பெரிய திரை, தோல் சீட்டு. சுஜாதா கதவையே திறக்கவில்லை. புடவையைச் செருகிக்கொண்டு மண்ணில் மல்லாக்கப் படுத்து வண்டிக்கு அடியில் பார்த்தாள். எந்தப் பாகம் தரைக்கு எவ்வளவு கிட்டத்தில் தொங்குகிறது என்று கையால் சாண் போட்டாள். பக்கத்தில் நின்ற பெங்களூர்க்காரர்கள் சிரித்தார்கள்.

எழுந்து ஒரே கேள்வி கேட்டாள். "ஒரு சக்கரம் சேத்துல சும்மா சுத்துனா மத்த சக்கரம் இழுக்குமா, இழுக்காதா?"

விற்கிறவன் யோசித்தான். "இதுல இழுக்காதுங்க மேடம். இது ரோட்டுக்கு."

"அப்ப இது வேணாம்."

மூலையில் தூசி படிந்து ஒரு வண்டி நின்றது. சிங்கிள் கேபின், நீளமான பின்தொட்டி, கனமான அடிச்சட்டம். ஏதோ குவாரியில் ஓடியதாம். நாலு சக்கரமும் இழுக்கும். பாறை ஏறுவதற்கென்று தனியாக ஒரு சின்ன கியர் கம்பி. பின்சக்கரம் இரண்டையும் ஒன்றாகப் பூட்டுகிற சுவிட்ச். பெயின்ட் போயிருந்தது. அதைத்தான் எடுத்தாள்.

அங்கிருந்து நேராக அஸ்வின் கடை. காடு மேடுகளில் ஓடுகிற வண்டிகளுக்குச் சாமான் மாட்டுகிறவன். பாதி தெலுங்கும் பாதி தமிழுமாகப் பேசுவான். கைதேர்ந்தவன். சேற்றில் கடிக்கிற பெரிய பல் டயர் போட்டான். அடியில் இரும்புத் தகடு அடித்தான். தண்ணீர் எஞ்சினுக்குள் போகாமல் இருக்க, கேபின் உயரத்துக்குக் காற்றுக் குழாய் ஏற்றினான். முன்னால் தடித்த குழாயில் பம்பர். அதன் நடுவே வின்ச்... பேட்டரியில் ஓடுகிற மோட்டார், அதில் சுற்றிய கம்பிக் கயிறு, நுனியில் கொக்கி. கொக்கியை எதிலாவது மாட்டிவிட்டு சுவிட்சை அழுத்தினால் போதும், கயிறு தானாகச் சுருண்டு இழுக்கும்.

"சின்ன மோட்டாரே போதும்க்கா. காலி வண்டிய அதுவே இழுத்துடும்."

"காலி வண்டி இல்ல. லோடு இருக்குது. உள்ள தண்ணி ரொம்பியிருக்கும். மண்ணு ஏறியிருக்கும்."

அஸ்வின் பிரகாஷைப் பார்த்தான். பிரகாஷ் தரையைப் பார்த்தான். அஸ்வின் உள்ளே போய் பெரிய மோட்டாரை எடுத்துவந்தான்.

அந்த வண்டியை வைத்துக்கொண்டு சுஜாதா அதே தடத்தில் அதே லோடு அடித்தாள். பிரகாஷ் கூடப் போனான். கோடை முழுக்க ஒரு குறையும் இல்லை. வழியில் எவன் மாட்டியிருந்தாலும் நிறுத்துவாள். கயிற்றை இழுத்துப் போய்க் கொக்கி மாட்டுவாள், சுவிட்சை அழுத்துவாள், ஏற்றிவிடுவாள். பால் வேன், கல்யாண ஜீப், ஒரு தடவை கன்னடக்காரர் ஒருவரின் டிராக்டர். 'ஒந்து டீ குடியம்மா' என்று அவர் கெஞ்சினார். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். மலையில் அவளுக்கு வின்ச் அக்கா என்றே பேர் வந்துவிட்டது. இழுத்துக் கரை சேர்ந்த வண்டிக்குள் ஒவ்வொரு தடவையும் எட்டிப் பார்ப்பாளாம். ஓட்டுகிறவன் முகத்தை. பார்த்துவிட்டுக் கயிற்றைச் சுருட்டுவாள்.

பிறகு மறுபடியும் ஐப்பசி வந்தது.

அன்றைக்கு மேலே அவரை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு இறங்கினார்கள். தூறல். வானம் சீக்கிரமே இருட்டிவிட்டது. கண்ணாடியில் வைப்பர் தேய்க்கிற சத்தம் மட்டும். கடைசி வளைவு திரும்பியதும் வாடை வந்தது.

கிளட்ச் கருகுகிற வாடை.

பிரகாஷ் தங்கள் வண்டிதான் என்று நினைத்தான். குனிந்து முகர்ந்தான். இல்லை. வாடை வெளியிலிருந்து வந்தது. சுஜாதா ஓடைக்கரையில் நிறுத்தி எஞ்சினை அணைத்தாள்.

அப்போதுதான் கேட்டது. ஙொய்ங்... ஙொய்ங்... சற்று நிற்கும். மறுபடி... ஙொய்ங்... சக்கரத்துக்கு அடியில் கூழாங்கல் நறநறவென்று அரைபடுகிற சத்தம்.

"யாரோ மாட்டிக்கினாங்க அண்ணி."

கேபின் மேலிருந்த பெரிய விளக்கைப் போட்டாள். ஓடை பகல் மாதிரி வெளுத்தது. முழங்கால் தண்ணீர், செம்மண் நிறம், நுரை. அந்தக் கரை தெரிந்தது. அந்தக் கரையில் இருந்த புங்கமரம் தெரிந்தது.

வண்டி எதுவும் இல்லை.

சத்தம் மட்டும் நிற்கவில்லை. ஓடைக்கு நடுவிலிருந்து, பாலம் தாண்டிக் கீழ்ப்புறம் இருக்கிற ஆழமான மடுவிலிருந்து... தண்ணீருக்கு உள்ளேயிருந்து வந்தது.

பிரகாஷ் அவள் கையைப் பிடித்தான். "அண்ணி, அங்க ஒண்ணுமே இல்ல... வாங்க, மேல போயிடலாம்..."

சுஜாதா இறங்கிவிட்டாள். வின்ச்சின் பூட்டை விடுவித்துக் கொக்கியைக் கையில் எடுத்தாள். கயிறு கடகடவென்று கழன்றது. தண்ணீருக்குள் நடந்தாள். அவசரமும் இல்லை, தயக்கமும் இல்லை. கிணற்றடிக்குக் குடம் எடுத்துக்கொண்டு போகிற மாதிரி போனாளாம். முழங்கால்... இடுப்பு... மடுவின் விளிம்பில் மார்பு வரை. சத்தம் அவள் காலடியிலேயே கேட்டது.

குனிந்தாள். வலது கையைத் தண்ணீருக்குள் விட்டாள். தோள் வரைக்கும். பிறகு கன்னம் தண்ணீரில் படுகிற அளவுக்கு.

எதையோ தடவுகிறாள் என்று பிரகாஷுக்குத் தெரிந்தது. தோள் மெதுவாக இடமிருந்து வலமாக நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது.

வெகுநேரம் அப்படியே நின்றாள். அவன் 'அண்ணி, அண்ணி' என்று கத்தியது அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

பிறகு நிமிர்ந்தாள். திரும்பி நடந்து வந்தாள். கொக்கி அவள் கையிலேயே இருந்தது. மாட்டவில்லை.

கரையேறியவள் சுவிட்சை அழுத்திக் கயிற்றைச் சுருட்டினாள். முழுசாக, ஒழுங்காக, ஒரு சுற்றுக்குப் பக்கத்தில் மறு சுற்று படிகிற மாதிரி சுருட்டினாள். முகத்தில் எதுவும் இல்லை.

"அண்ணனா அண்ணி?" பிரகாஷ் அழுதுகொண்டே கேட்டான். "அண்ணன் வண்டியா அது?"

"இல்ல. ஏறு."

சின்ன கியரைப் போட்டு அந்தச் சரிவில் லோடு வண்டியை ரிவர்ஸிலேயே ஏற்றினாள். வளைவு வரை திருப்ப இடம் கிடையாது. வளைவில் வந்து நின்றபோதுதான் கீழே வேறொரு சத்தம் கேட்டது. குவாரியில் கல் நொறுக்குகிற க்ரஷர் ஓடுகிற மாதிரி. கல்லும் மரமுமாக ஓடை மொத்தமாக இறங்கிப் போனது. அவர்கள் நின்ற கரை, புங்கமரம், பாலம்... விளக்கு வெளிச்சத்தில் ஒன்றுமே தெரியவில்லை. தண்ணீர் மட்டும்தான்.

வெள்ளச் சத்தத்தில் சக்கரச் சத்தம் நின்றுவிட்டதா இல்லையா என்று பிரகாஷால் சொல்ல முடியவில்லை.

அன்று ராத்திரி மேலே, அவரை மூட்டை ஏற்றிவிட்ட விவசாயி கிருஷ்ணப்பன் வீட்டிலேயே தங்கினார்கள். அவர் மனைவி மாரம்மா களி போட்டாள். பிரகாஷ் தொடவில்லை. சுஜாதா சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கினாள்.

பிரகாஷ் அதற்குப் பிறகு அந்தத் தடத்துக்குப் போகவில்லை. இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். சுஜாதா மறுவாரமே வண்டியை அஸ்வின் கடைக்குக் கொண்டுபோய் வின்ச்சைக் கழற்றச் சொன்னாள்.

"ஏங்க்கா, மக்கர் பண்ணுதா?"

"இல்ல. நல்லா இழுக்குது. கழட்டிடு."

மாட்டிய இடத்தில் இப்போது நாலு ஓட்டை மட்டும் இருக்கிறது. வண்டி ஓடுகிறது. வேறு தடம், வேறு ஊர்கள்.

தண்ணீருக்குள் என்ன தொட்டாள் என்று யாரிடமும் சொல்லவில்லை. மாமியார் கேட்டாள், சொல்லவில்லை. போன மாதம் ஒரு வளைகாப்பில் பந்தி முடிந்து கை கழுவுகிற இடத்தில் செல்வம் மட்டும் தனியாக நின்றிருக்கிறான். இவளும் வந்தாள். "அக்கா, அன்னிக்கு மாமா வண்டிதானே அது?" என்று மெதுவாகக் கேட்டான்.

சுஜாதா குழாயை மூடவில்லை. தண்ணீர் கையில் விழுந்துகொண்டே இருந்தது. கடையில் சாமான் சொல்லி வாங்குகிறவள் குரலில் சொன்னாளாம்...

"மாமா வண்டிக்கு முன்னாடி தகரம்டா. அது தகரம் இல்ல. தடிச்ச கொழாய். மேல தடவுனன், காத்துக் கொழாய் ஏறியிருந்துச்சு. பம்பருக்கு நடுவுல மோட்டாரு. என்னுதேதான். நம்பர்கூட வெரலுக்குத் தட்டுப்பட்டுச்சு."

செல்வம் கழுவிய கையை மறுபடியும் கழுவினான்.

"அதுலயும் கயிறு முழுக்க வெளிய போயிருந்துச்சு. வெறப்பா... கீழ, இன்னும் ஆழத்துக்கு. எதையோ மாட்டியிருந்துச்சு. நான் கயித்து மேல கைய வெச்சன். நடுங்கிக்கினே இருந்துச்சுடா. உள்ள ஒக்காந்து யாரோ சுவிட்ச்ச அழுத்திக்கினேதான் இருந்தாங்க."