மணி அடிக்கும்வரை

மலையில் போர்வை காய வைப்பது லேசான வேலை இல்லை. வெயில் வந்துவிட்டதே என்று எடுத்துப் போய் விரித்துவிட்டு அடுப்படிக்குள் திரும்புவதற்குள் மூடுபனி வந்து உட்கார்ந்துவிடும். விருந்தினர்களுக்கு இதெல்லாம் தெரியாது. வெள்ளிக்கிழமை மாலை ஜீப்பில் வந்து இறங்குவார்கள், போர்வையை முகர்ந்து பார்த்து, "ஆஹா, மலை வாசனை" என்பார்கள். அது சரியாகக் காயாத கம்பளியின் வாசனை. நான் சிரித்துக்கொண்டே அவர்களுடைய செல்போன்களை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டுவேன்.

முதலில் இருந்து சொல்லுங்கள் என்றீர்கள். சொல்கிறேன். அவசரம் ஒன்றும் இல்லை. நீங்கள் என்னைத் தேடி வரவில்லை, நானாகத்தான் இந்த ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன்.

அந்த விடுதி என் மாமனார் கட்டியது. இரண்டு மகன்களுக்கும் பொது. மூத்தவர் என் வீட்டுக்காரர். ஜீப் ஓட்டுவார், விறகு பிளப்பார், யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவார். கொழுந்தனாருக்கு நகரத்தில் அலுவலக வேலை. வார இறுதியில் முகாம் நடத்துவோம். சனிக்கிழமை காலை காட்டுக்குள் நடை, பிற்பகல் களிமண், சாயங்காலம் மூச்சுப் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை காலை குரல் பயிற்சி. மற்றதெல்லாம் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். கடைசியில் இருப்பதற்காகத்தான் ஜனங்கள் அந்த வளைவுப் பாதையில் வாந்தி எடுத்துக்கொண்டு மேலே வந்தார்கள்.

அதைக் கண்டுபிடித்தவள் நான். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்குக் கோபம் வந்தால் கத்த இடம் கிடையாது. வீட்டுக்குள் கத்தினால் மாமனாருக்கு மரியாதைக் குறைவு. அதனால் அடுப்படிக்குப் பின்னால் உள்ள சரிவில் போய் நின்று பள்ளத்தாக்கைப் பார்த்துக் கத்துவேன். வார்த்தையெல்லாம் இல்லை, வெறும் கத்தல். கத்திவிட்டு வந்து சூப்பைக் கிளறுவேன். என் வீட்டுக்காரருக்கு அது நன்றாகவே கேட்கும். ஒருநாளும் என்னாச்சு என்று வந்து கேட்டதில்லை. எனக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை.

ஒருமுறை தங்க வந்திருந்த ஓர் அம்மாள் இதைப் பார்த்துவிட்டு, "நானும் கத்தலாமா?" என்று கேட்டார். கத்தினார், அழுதார், பிறகு உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டார். அடுத்த மாதம் தன் தோழிகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அப்படித்தான் அந்தப் பயிற்சி பிறந்தது. அதற்கு விதிகளும் நான் போட்டவைதான். ஒவ்வொருவருக்கும் சரிவில் ஓர் இடம். அந்த இடத்து மரத்தில் அவருக்கென்று ஒரு நிறத்தில் ரிப்பன் கட்டியிருக்கும். அங்கே நின்று அழலாம், திட்டலாம், ஓலமிடலாம். ஆனால் நான் மணி அடிக்கும்வரை யாரும் இடத்தை விட்டு நகரக்கூடாது. அடுத்தவர் குரலைக் கேட்டு அங்கே ஓடவே கூடாது. ஐயோ பாவம் என்று ஒருவர் ஓடிவிட்டால், எல்லோருக்கும் வெட்கம் வந்து வாய் அடைத்துப்போகும். மணி அடித்ததும் கூடத்துக்கு வந்து, தங்கள் மனதைத் தொட்ட குரல் எதுவோ அதை வண்ணத்தில் வரைய வேண்டும். வரைவதும் என் யோசனைதான்.

போன வருடம் என் ஓரகத்தி, கொழுந்தனாரின் மனைவி, வேலையை விட்டுவிட்டு மலைக்கு வந்துவிட்டாள். நகரத்துத் தூசி ஒத்துக்கொள்ளவில்லையாம். அவளுக்கு அறையைத் துடைத்து மெத்தை போட்டவள் நான். அவளை நான் வெறுத்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். சளி பிடித்தபோது நெஞ்சில் தைலம் தேய்த்துவிட்டிருக்கிறேன். மெல்லிய குரல் அவளுக்கு. எதையும் பாதி மூச்சில்தான் சொல்வாள், கேட்பவர்கள் அவள் பக்கமாகக் குனிவார்கள். நான் பேசினால் யாரும் குனிவதில்லை. எனக்கு அடுப்படிக் குரல்.

முதலில் மூச்சுப் பயிற்சியை எடுத்துக்கொண்டாள். நல்லது என்றேன். அப்புறம் களிமண். அதையும் விட்டுக்கொடுத்தேன். மழை ஓய்ந்த சமயத்தில் புது போஸ்டர் அச்சாகி வந்தது. சரிவில் கண்ணை மூடி நிற்கும் அவள் படம். கையில் என் மணி. கீழே அவள் பெயரைப் போட்டு, 'குரல் விடுதலைப் பயிற்சியை உருவாக்கியவர்' என்று அச்சடித்திருந்தார்கள்.

"என்னம்மா இது?" என்று கேட்டேன்.

"அக்கா, நீங்க கத்துனீங்க. அத யாரு வேணும்னாலும் செய்யலாம். நான் அதுக்கு ஒரு வடிவம் குடுத்திருக்கேன்" என்றாள், அதே பாதி மூச்சில். "கோவிச்சுக்காதீங்க. உங்க கைப்பக்குவம் இல்லன்னா இந்த எடமே இல்ல."

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அவளுக்கு நாலு பேர் முன்னாடி பேச வருது. ஒனக்கு எதுக்கு இந்த அலைச்சல்? நீ பாட்டுக்கு அடுப்படியப் பாத்துக்க" என்றார். நான் பாட்டுக்கு. கல்யாணமான நாளிலிருந்து நான் பாட்டுக்குத்தான் இருந்து வந்திருக்கிறேன். எனக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது.

அடுத்த வாரத்திலிருந்து குரல் பயிற்சியும் அவள் கைக்குப் போவதாக முடிவாயிற்று. முடிவு செய்தபோது நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். "கடைசியா ஒரு தடவ நீங்களே நடத்துங்கக்கா" என்றாள். "நானும் ஒரு ஆளா நின்னு பாக்குறேன். எங்கெங்க திருத்தணும்னு தெரிஞ்சிடும்ல."

சனிக்கிழமை பிற்பகல் எல்லோரும் களிமண் பிசைந்துகொண்டிருந்தபோது நான் ரிப்பன் கட்டப் போனேன். சரிவின் கோடியில் ஒரு பாறைத் திட்டு இருக்கிறது. அந்த மலையிலேயே அழகான இடம் அதுதான். மழையில் அதன் அடிமண் கரைந்துவிட்டது. யாரும் அங்கே போய்விடாமல் இருக்க என் வீட்டுக்காரர் குறுக்கே ஒரு கயிறு கட்டி வைத்திருந்தார். நான் அதை அவிழ்த்துக் கொண்டுபோய்ப் போர்வைகளைக் காயப் போட்டேன். கொடிக்கயிறு போதவில்லை என்பதும் உண்மைதான். மஞ்சள் ரிப்பனைத் திட்டின் மேல் நிற்கும் மரத்தில் கட்டினேன். அவளுக்கு மஞ்சள் பிடிக்கும். அந்தக் கோடிக்கு அவள் அதற்கு முன் வந்ததே இல்லை, செருப்பில் சேறு ஒட்டும் என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல மூடுபனி. பக்கத்து மரத்தில் நிற்பவர்கூடத் தெரியவில்லை. எல்லோரும் கத்தத் தொடங்கினார்கள். வங்கிக்காரர் ஒருவர் தன் மேலதிகாரியைப் பரம்பரையோடு சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தார். நடுவே கோடியில் மண் சரியும் சத்தம் கேட்டது. பிறகு ஓர் அலறல். பிறகு "அக்கா" என்று ஒரு குரல்.

பல் டாக்டர் ஒருவர் முகாமுக்கு வந்திருந்தார், நடுவயதுப் பெண்மணி. கோடிக்கு அடுத்த இடம் அவருடையது. விதியை மீறி, பனிக்குள்ளே தட்டுத்தடுமாறி என்னிடம் வந்தார்.

"அந்தச் சத்தம் சரியில்லீங்க. எங்கிட்ட வர்றவங்க எத்தனையோ விதமா கத்துவாங்க. பயத்துல கத்துறது வேற, வலியில கத்துறது வேற. இது வலி."

அவர் தோளில் கை வைத்தேன். "வலிதான் டாக்டர். அத வெளிய விடத்தான வந்திருக்கோம்? இப்ப நீங்க அங்க போய் நின்னா, அவ இத்தன நாளா அடக்கி வச்சதெல்லாம் அப்படியே உள்ள போயிடும்."

"யாரையோ கூப்புடுறாங்களே."

"எல்லாரும் யாரையாச்சும் கூப்புடுவாங்கதான். நீங்ககூட இப்ப உங்க அம்மாவத் திட்டிக்கிட்டுதான இருந்தீங்க?"

அவர் முகம் சிவந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தன் ரிப்பனுக்குத் திரும்பினார். படித்தவர்களிடம் இது ஒரு வசதி, விதி என்று சொன்னால் போதும்.

அன்று நான் மணியைச் சீக்கிரம் அடிக்கவில்லை. ஒவ்வொருவராகத் தொண்டை வறண்டு ஓய்ந்தார்கள். அவள் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. அந்தப் பள்ளத்தாக்கில் வார்த்தைகள் உடைந்துபோய்ச் சத்தம் மட்டும்தான் மேலே வந்து சேரும். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்களாம், பிறகு சொன்னார்கள். அது நின்று, நன்றாகவே நின்றுபோன பிறகு மணி அடித்தேன்.

கூடத்தில் ஏறக்குறைய எல்லோரும் அவள் குரலைத்தான் வரைந்தார்கள். ஒருவர் கருநீலத்தில் ஏறி ஏறிப் போய்ச் சட்டென்று அறுந்துவிடும் ஒரு கோடு போட்டிருந்தார். இன்னொருவர் தாள் முழுக்கச் சிவப்பு. "இப்படி மனசத் தொறந்து கத்த நமக்கெல்லாம் வராதுங்க" என்றார் வங்கிக்காரர். நல்ல படங்கள். இத்தனை காலத்தில் அப்படி வந்ததில்லை. டாக்டர் மட்டும் தூரிகையைத் தண்ணீரில் கலக்கிக்கொண்டே இருந்தார்.

தேநீர் குடிக்கும்போதுதான் அவளைக் காணோம் என்று பேச்சு வந்தது. "தனியா இருக்கணும்னு சொன்னா" என்றேன். மதியச் சாப்பாட்டுக்கும் வராததால் என் வீட்டுக்காரர் தேடிப் போய்ப் பார்த்தார். "அங்க கட்டியிருந்த கயிறு எங்க?" என்று என்னைக் கேட்டார். காற்றில் போயிருக்கும் என்றேன். தலையாட்டினார்.

மற்றது உங்களுக்குத் தெரியும். கால் முறிந்து ரத்தம் போயிருக்கிறது, சீக்கிரம் தூக்கியிருந்தால் பிழைத்திருப்பாள் என்று உங்கள் மருத்துவர் சொன்னார். எல்லோரும் ஒரே மாதிரி சாட்சி சொன்னார்கள்: குரல் கேட்டது, பயிற்சி என்று நினைத்தோம். விபத்து என்று நீங்கள் முடித்துவிட்டீர்கள். டாக்டர் அதன் பிறகு கிளினிக்கைத் திறக்கவே இல்லையாம். அவரிடம் சொல்லிவிடுங்கள், அவர் காதில் ஒரு குறையும் இல்லை.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். இருந்தும் பார்த்தேன். போன வாரம் கொழுந்தனார் விடுதி வாசலில் ஒரு கல்பலகை கொண்டுவந்து பதித்தார். குரல் பயிற்சியை உலகுக்குத் தந்தவள் என்று அவள் பெயரைச் செதுக்கியிருக்கிறது. சிமெண்ட் குழைத்துக் கொடுத்தது என் வீட்டுக்காரர். "செத்தவளோட என்னடி ஒனக்குப் போட்டி? விட்டுத் தொலை" என்றார். போஸ்டர் என்றால் மழையில் கரைந்துவிடும். கல்லை என்ன செய்வது?

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள், இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. டாக்டரைத் திருப்பி அனுப்பிய பிறகு நான் அந்தத் திட்டுக்குப் போனேன். சரிந்தது போக மிச்சமிருந்த ஓரத்தில் மண்டியிட்டுப் பார்த்தேன். கொஞ்சம் கீழே, வேர்களுக்கு நடுவில் கால் மாட்டிக் கிடந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் அப்படி மலர்ந்தது. "வந்துட்டீங்களாக்கா" என்றாள். பிறகு அந்த மெல்லிய குரலில் ஆட்களைக் கூப்பிடத் தொடங்கினாள். முதல் அலறலோடு பலம் போய்விட்டிருந்தது, பத்தடி தாண்டாது அந்தக் குரல்.

"தொண்டையில இருந்து கத்துனா யாருக்கும் கேக்காதும்மா" என்றேன். "வயித்துல இருந்து கத்து."

முதலில் அவளுக்குப் புரியவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையை நீட்டவில்லை. புரிந்த பிறகு கத்தினாள் பாருங்கள், அப்படியொரு குரல் தனக்குள் இருந்தது அவளுக்கே தெரிந்திருக்காது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து, மூச்சை எங்கே பிடிக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று கடைசிவரை சொல்லிக்கொடுத்தேன். அவர்கள் வரைந்ததெல்லாம் அந்தக் குரலைத்தான். கல்லில் பெயரை மாற்றிச் செதுக்கச் சொல்லுங்கள். அவளை அவமானப்படுத்த வேண்டாம், என் பெயருக்குக் கீழே சிறந்த மாணவி என்று அவள் பெயரும் இருக்கட்டும்.